குறைந்த செலவில் ஒரு அமெரிக்க டிகிரி: தமிழ்ப்பள்ளி வாசலில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளைத் தமிழ்ப்பள்ளிக்குள் அனுப்பிவிட்டு வெளியே காத்திருக்கும் ஒன்றரை மணி நேரத்தில்தான் இந்தக் கேள்விகள் வரும். நான் இருப்பது நியூ ஜெர்சியில். ஊரில் பி.காம் இரண்டாம் வருஷத்தோடு கல்யாணம் ஆகி நின்றுபோன படிப்பை, இங்கே வந்து பத்து வருஷம் கழித்து எடுத்தேன். பதினாறு மாதத்தில் பிசினஸ் படிப்பில் பி.எஸ். டிகிரி கையில் வந்தது. மொத்தச் செலவு ஏழாயிரம் டாலருக்குக் கொஞ்சம் கீழே. அந்தத் தொகையைக் கேட்டதும் பாதிப் பேர் நம்பவில்லை, மீதிப் பேர் நோட்டை எடுத்தார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லிச் சொல்லி வாய் வலிப்பதால் எழுதியே வைத்துவிட்டேன்.

மாற்றுக் கிரெடிட் என்றால் என்னங்க?

இங்கே இளங்கலை டிகிரிக்கு வழக்கமாக 120 செமஸ்டர் கிரெடிட் (பாடங்களை எண்ணும் அலகு) வேண்டும். ஒரு பாடத்துக்கு 3 கிரெடிட் என்று வைத்தால் சுமார் 40 பாடம். இந்த நாற்பதையும் அந்தக் கல்லூரி வகுப்பிலேயே உட்கார்ந்து படித்தாக வேண்டும் என்று சட்டம் ஒன்றும் இல்லை. வெளியே ஒரு தேர்வு எழுதியோ, ஆன்லைனில் ஒரு பாடத்தை முடித்தோ, 'இது எனக்குத் தெரியும்' என்று காட்டினால், கல்லூரி ஒப்புக்கொண்டால், அது கணக்கில் ஏறும்.

ஹைஸ்கூல் பிள்ளை வைத்திருப்பவர்களுக்கு இது புதிதே இல்லை. பள்ளியிலேயே எழுதும் கல்லூரித் தர ஏபி தேர்வில் நல்ல மார்க் எடுத்தால் கல்லூரியில் அந்தப் பாடத்தைத் தாண்டிவிடலாம் அல்லவா? அதே காலேஜ் போர்டு 1967 முதல் நடத்தும் இன்னொரு தேர்வு கிளெப். ஏபி பள்ளிப் பிள்ளைகளுக்கு என்றால், கிளெப்பை ஐம்பது வயதிலும் எழுதலாம்.

கேட்டால் டுபாக்கூர் மாதிரி இருக்கிறதே?

இந்தச் சந்தேகம் வரத்தான் வேண்டும். வராதவர்களைப் பார்த்தால்தான் எனக்குப் பயம்.

பார்க்க வேண்டியது ஒன்றுதான்: டிகிரி கொடுக்கும் கல்லூரிக்கு அக்ரெடிடேஷன் எனும் அங்கீகாரம் இருக்கிறதா? அதுவும் யார் கொடுத்த அங்கீகாரம்? அமெரிக்கக் கல்வித் துறை, தான் ஏற்கும் அமைப்புகளிடம் அங்கீகாரம் பெற்ற கல்லூரிகளின் பட்டியலைத் தன் தளத்திலேயே போட்டிருக்கிறது. கல்லூரியின் பெயரை அதில் தேடுங்கள். கல்லூரி தன் விளம்பரத்தில் போட்டுக்கொள்ளும் முத்திரையை நம்பாதீர்கள், முத்திரையை யாரும் வரையலாம். நியூ ஜெர்சி, நியூயார்க் பக்கம் மிடில் ஸ்டேட்ஸ் என்ற அமைப்பு, மேற்கே நார்த்வெஸ்ட், இப்படி அங்கீகாரம் கொடுக்கும் அமைப்புகள் வட்டாரத்துக்கு ஒன்றாக இருந்தன. 2020-ல் மத்திய அரசு வட்டார அமைப்பு, தேசிய அமைப்பு என்ற வேறுபாட்டை விதிகளிலிருந்து எடுத்துவிட்டது. ஆனால் கல்லூரிகளும் கம்பெனிகளும் பழைய வட்டாரப் பெயர்களைத்தான் இன்னும் கேட்கின்றன. அவற்றில் ஒன்று இருந்தால் நிம்மதி.

போலி எப்படி இருக்கும் என்பதற்கு ஒன்று சொல்கிறேன். கராச்சியில் உட்கார்ந்துகொண்டு ஆக்ஸாக்ட் என்ற கம்பெனி இல்லாத பல்கலைக்கழகங்களின் பெயரில் உலகம் முழுக்க டிகிரி விற்றதை 2015-ல் நியூயார்க் டைம்ஸ் வெளியே கொண்டுவந்தது. அந்த ஆட்களிடம் போனால் படிக்கவே சொல்ல மாட்டார்கள், 'உங்கள் அனுபவத்துக்கே டிகிரி' என்பார்கள். நான் சொல்லும் வழியில் ஒவ்வொரு கிரெடிட்டுக்கும் பின்னால் ஒரு தேர்வோ, எழுதிக் கொடுத்த கட்டுரையோ இருக்கும்.

கிரெடிட்டை யார் கொடுக்கிறார்கள்?

குழப்பமெல்லாம் இந்த இடத்தில்தான். சோஃபியா, ஸ்டடி டாட் காம், ஸ்ட்ரெய்ட்டர்லைன் மாதிரி கம்பெனிகள் பாடம் நடத்துகின்றன. அவை கல்லூரிகள் அல்ல, அவற்றால் கிரெடிட் கொடுக்க முடியாது. அந்தப் பாடங்களை ஏசிஇ என்று சுருக்கமாகச் சொல்லப்படும் அமெரிக்கக் கல்விக் கவுன்சில் பார்த்து, 'இது கல்லூரிப் பாடத்துக்குச் சமம், 3 கிரெடிட் கொடுக்கலாம்' என்று எழுதுகிறது. 'கொடுக்கலாம்' என்பதைக் கவனியுங்கள். அது பரிந்துரை, உத்தரவு அல்ல. கொடுப்பதும் கொடுக்காததும் கல்லூரியின் இஷ்டம். பெரிய பெயர் உள்ள கல்லூரிகள் பல இதைத் திரும்பிக்கூடப் பார்க்காது.

அப்படியென்றால் முதலில் சோஃபியாவில் சேர்ந்துவிடட்டுமா?

வேண்டாம். தயவுசெய்து வேண்டாம்.

எல்லாரும் செய்யும் தப்பு இது, நானும் செய்தேன். மாதச் சந்தா 99 டாலர், எத்தனை பாடம் வேண்டுமானாலும் படிக்கலாம் என்றதும் பண்டிகைக்கால ஜவுளிக்கடைக்குள் புகுந்த மாதிரி கையில் கிடைத்ததையெல்லாம் எடுத்தேன். முதல் இரண்டு மாதத்தில் ஏழு பாடம். அப்புறம்தான் கல்லூரி தேடினேன். போனில் பேசிய அட்மிஷன் பெண், 'எல்லாவற்றையும் எடுத்துக்கொள்வோம்' என்றார். சேர்ந்த பிறகு வந்த மதிப்பீட்டுத் தாளில் 12 கிரெடிட், டிகிரிக்கு வேண்டிய பாடங்களின் எந்தக் கட்டத்திலும் உட்காரவில்லை. அவர் சொன்னது பொய்யில்லை. எடுத்துக்கொண்டார்கள்தான், ஆனால் விருப்பப் பாடத்துக்கான இடம் ஏற்கெனவே நிரம்பிவிட்டதால் அவை டிகிரிக்கு உதவாமல், படித்ததையெல்லாம் பட்டியலிடும் டிரான்ஸ்கிரிப்டில் சும்மா கிடக்கின்றன. 12 கிரெடிட் என்றால் நான்கு பாடம், நான்கு பாடம் என்றால் எத்தனை விடியற்காலை என்று எனக்குத்தான் தெரியும்.

முறை இதுதான். முதலில் கல்லூரி, பிறகு அந்தக் கல்லூரியில் எந்த டிகிரி, பிறகு அந்த டிகிரியின் நாற்பது கட்டங்கள். ஒவ்வொரு கட்டத்திலும் வெளியே எதை எழுதினால் ஏற்பார்கள் என்று ஒரு எக்ஸெல் தாளில் போடுங்கள். அந்தத் தாளை ஆலோசகருக்கு மின்னஞ்சலில் அனுப்பி, எழுத்தில் பதில் வாங்குங்கள். போனில் சொன்னது கணக்கில்லை.

எந்தக் கல்லூரிகள் நிறைய ஏற்கும்?

என் கல்லூரியின் பெயரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் யோசிக்காமல் எல்லாரும் அதிலேயே போய்ச் சேருவீர்கள், எனக்குப் பொருந்தியது உங்களுக்குப் பொருந்தாது.

பழைய மூவர் உண்டு: நியூயார்க் மாநிலத்தில் எக்ஸெல்சியர் (1971), நம் டிரென்டனில் இருக்கும் தாமஸ் எடிசன் ஸ்டேட் (1972), கனெக்டிகட்டில் சார்ட்டர் ஓக் (1973). வேலைக்குப் போகும் பெரியவர்கள் அங்கங்கே சேர்த்து வைத்த படிப்பை ஒரு டிகிரியாகக் கட்டிக் கொடுப்பதற்காகவே தொடங்கப்பட்டவை. மற்ற கல்லூரிகள் 'குறைந்தது 30 கிரெடிட்டாவது எங்களிடம் படி' என்று சொல்லும்போது, இவற்றில் தொடக்கப் பாடம், நிறைவுப் பாடம் என்று ஒன்றிரண்டை மட்டும் அவர்களிடம் முடித்தால் போதும் என்ற அளவுக்குத் தாராளம். விதிகள் வருஷத்துக்கு வருஷம் மாறும், நீங்கள் சேரும் வருஷத்தின் கேட்டலாக் எனும் கல்லூரிக் கையேட்டைப் பாருங்கள்.

இன்னொரு வகை, வேகமாகப் படிப்பவர்களுக்கானது. 19 மாநில ஆளுநர்கள் சேர்ந்து 1997-ல் தொடங்கிய வெஸ்டர்ன் கவர்னர்ஸ் யூனிவர்சிட்டியில் ஆறு மாதத்துக்கு ஒரே கட்டணம். அந்த ஆறு மாதத்தில் நான்கு பாடம் முடித்தாலும் பதினான்கு முடித்தாலும் அதே காசு. கல்யாணச் சாப்பாடு மாதிரி, வயிறு இருப்பவருக்கு லாபம். ஆனால் அங்கே வெளிக் கிரெடிட்டையெல்லாம் சேருவதற்கு முன்பே கொண்டுபோய்விட வேண்டும், சேர்ந்த பிறகு கொண்டுவந்தால் பொதுவாக ஏறாது. மெய்ன் மாநிலத்தின் வடகோடியில், கனடா எல்லையை ஒட்டிய பிரஸ்க் ஐல் ஊரில் இருக்கும் அரசுப் பல்கலைக்கழகமும் யுவர்பேஸ் என்ற பெயரில் இதே மாதிரி நடத்துகிறது, அங்கே எட்டு வாரத்துக்கு ஒரு கட்டணம்.

கிளெப், சோஃபியா, ஸ்டடி டாட் காம்: எது நல்லது?

மூன்றும் மூன்று ரகம்.

கிளெப்பில் முப்பத்துச் சொச்சம் பாடங்கள். பெரும்பாலும் ஒன்றரை மணி நேரம், கொள்குறி வினா. மார்க் 20 முதல் 80 வரை, பொதுவாக 50 எடுத்தால் பாஸ். நேரடியாகத் தேர்வை எழுதிவிட்டு வந்துவிடலாம், வீட்டுப்பாடம் கிடையாது. மாடர்ன் ஸ்டேட்ஸ் என்ற அறநிறுவனத்தின் இலவசப் பாடத்தை முடித்தால் கிளெப் கட்டணத்துக்கு வவுச்சரே கொடுக்கிறார்கள். நான் எழுதிய நான்கும் அப்படித்தான். கோட்டைவிட்டால் மூன்று மாதம் கழித்துத்தான் அதே தேர்வை மறுபடி எழுத முடியும், அதை மட்டும் நினைவில் வையுங்கள்.

சோஃபியாவில் ஒரு நேரத்தில் இரண்டு பாடம் திறந்திருக்கும், ஒன்றை முடித்தால் அடுத்தது. மைல்ஸ்டோன் என்ற தேர்வுகளை எழுதும்போது பாடத்தைப் பார்த்துக்கொள்ளலாம். சில பாடங்களில் டச்ஸ்டோன் என்ற கட்டுரை உண்டு, அதை மனிதர்கள் திருத்துவார்கள். தேர்வு அறை என்றாலே கை நடுங்குபவர்கள் இங்கே தொடங்கலாம்.

ஸ்டடி டாட் காம் கொஞ்சம் விலை கூட. கடைசித் தேர்வை வெப்கேம் கண்காணிப்பில் எழுத வேண்டும். ஆனால் மேல்நிலைப் பாடங்கள் அங்கேதான் நிறைய. டிகிரிக்கு 120 கிரெடிட் சேர்ந்தால் மட்டும் போதாது, அதில் ஒரு பங்கு மூன்றாம், நான்காம் வருஷத் தரத்தில் இருக்க வேண்டும். கிளெப்பும் சோஃபியாவும் பெரும்பாலும் முதல் இரண்டு வருஷத் தரம். நூறு கிரெடிட் சேர்த்துவிட்டு 'முடியப் போகிறது' என்று இருப்பவர்கள் வந்து மோதும் சுவர் இதுதான்.

ஒரே பாடத்தை இரண்டு இடத்தில் முடித்தால் ஒரு தடவைதான் எண்ணுவார்கள். கிளெப்பில் காலேஜ் அல்ஜீப்ரா எழுதிவிட்டு சோஃபியாவிலும் அதையே எடுக்காதீர்கள்.

உங்கள் கணக்கைக் கொஞ்சம் பிரித்துச் சொல்லுங்களேன்.

ஊர் மார்க் ஷீட்டிலிருந்து 27 கிரெடிட், சோஃபியாவில் 36 (வீணான 12 தனி), கிளெப் நான்கு தேர்வில் 12, ஸ்டடி டாட் காமில் ஐந்து மேல்நிலைப் பாடங்களுக்கு 15, கல்லூரியிலேயே 30. கூட்டினால் 120.

காசு: சோஃபியா ஐந்து மாதம் 495 டாலர், ஸ்டடி டாட் காம் மூன்று மாதம் எழுநூற்றுச் சொச்சம், ஊர் மார்க் ஷீட்டை மதிப்பிட 250, கல்லூரிக் கட்டணம் 5,200 பக்கம். ஒப்பிட்டுப் பார்க்க ஒன்று சொல்கிறேன்: 2024-25 கல்வியாண்டில் சொந்த மாநில அரசுப் பல்கலைக்கழகத்தின் சராசரிக் கட்டணமே வருஷத்துக்கு 11,610 டாலர் என்கிறது காலேஜ் போர்டு. அது ஒரு வருஷத்துக்கு, தங்குவது சாப்பிடுவது தனி.

பாடம் கஷ்டமா?

ப்ளஸ் டூவில் கணக்கு எடுத்தவர்களுக்குக் காலேஜ் அல்ஜீப்ராவும் புள்ளியியலும் தூசி. அமெரிக்க வரலாறும் அரசியலமைப்பும்தான் நம்மை உலுக்கும். இங்கே பிறந்தவர்கள் ஐந்தாம் வகுப்பிலிருந்து கேட்டு வளர்ந்ததை நாம் ஒரே மாதத்தில் விழுங்க வேண்டும். என் மகளின் பள்ளிப் புத்தகம்தான் எனக்குக் கைகொடுத்தது. ஆங்கிலக் கட்டுரைப் பாடத்தைக் கடைசிக்குத் தள்ளாதீர்கள், மேற்கோள் காட்டும் முறையை அங்கேதான் சொல்லித்தருவார்கள், அது மற்ற எல்லாப் பாடத்துக்கும் வேண்டும்.

தமிழ் தெரிந்ததற்குக் கிரெடிட் கிடைக்குமா?

கிளெப்பில் தமிழ் இல்லை. பிரெஞ்சு, ஜெர்மன், ஸ்பானிஷ் மட்டும்தான். ஆனால் ஆக்ட்ஃபில் என்ற அமைப்பின் வாய்மொழித் தேர்வு தமிழிலும் உண்டு. உங்கள் கல்லூரி அதற்குக் கிரெடிட் கொடுக்குமா, எந்தக் கட்டத்தில் வைக்கும் என்று முன்கூட்டியே கேட்டுக்கொண்டு எழுதுங்கள். அம்மாவோடு போனில் பேசுவதற்குக் கிரெடிட் வாங்கும் வாய்ப்பு வேறு எதில் வரும்?

நான் எச்4. படிக்கலாமா?

தாராளமாக. எச்4-ல், அதாவது எச்1பி வேலை விசாவில் இருப்பவரின் குடும்பத்துக்கான விசாவில், இருப்பவர்கள் முழுநேரமும் படிக்கலாம், பகுதிநேரமும் படிக்கலாம், விசா மாற்ற வேண்டியதில்லை. மத்திய அரசின் கல்வி உதவித்தொகை மட்டும் நமக்குக் கிடையாது, அது குடிமக்களுக்கும் கிரீன் கார்டு வைத்திருப்பவர்களுக்கும் இன்னும் சில வகையினருக்கும்தான். அவர்களும் அந்தப் பணத்தை சோஃபியா சந்தாவுக்குக் கட்ட முடியாது, கல்லூரிக்குத்தான்.

எஃப்1 விசாவுக்கு இது உதவுமா?

உதவாது. எஃப்1 எனும் மாணவர் விசாவில் இருப்பவர் ஒரு பருவத்தில் ஒரே ஒரு ஆன்லைன் பாடத்தைத்தான் முழுநேரப் படிப்புக் கணக்கில் காட்ட முடியும். 'ஆன்லைனில் சேருங்கள், வகுப்பே வேண்டாம், விசா ஸ்டேட்டஸ் நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்' என்று யாராவது சொன்னால் ஓடிவிடுங்கள். மிச்சிகனில் ஃபார்மிங்டன் பல்கலைக்கழகம் என்று ஒன்று இருந்தது நினைவிருக்கிறதா? வகுப்பும் இல்லை, வாத்தியாரும் இல்லை. நடத்தியதே அமெரிக்க அரசின் ஆட்கள், பொறியாக. 2019-ல் கைதான நூற்றுக்கு மேற்பட்டவர்களில் பெரும்பாலோர் இந்திய மாணவர்கள்.

எனக்கு ஊரில் மூன்று வருஷ பி.எஸ்ஸி. இருக்கிறதே, அது போதாதா?

வேலைக்குப் பல இடங்களில் போதும். ஊர் டிகிரியை மதிப்பிடும் நிறுவனத்தைப் பொறுத்து முழு டிகிரி என்றும் எழுதுவார்கள், மூன்று வருஷப் படிப்பு என்றும் எழுதுவார்கள். சிக்கல் கிரீன் கார்டில். மூன்று வருஷ இந்திய டிகிரி அமெரிக்க இளங்கலைக்குச் சமமாகாது என்று 1977-லேயே குடிவரவுத் துறையில் ஒரு தீர்ப்பு வந்தது. ஷா வழக்கு என்பார்கள், இன்றைக்கும் இபி2 என்ற கிரீன் கார்டு பிரிவின் மனுக்களில் அதை எடுத்துக் காட்டுகிறார்கள். எச்1பியில் மூன்று வருஷ அனுபவத்தை ஒரு வருஷப் படிப்பாகக் கூட்டிக்கொள்ளலாம், அந்தச் சலுகை இபி2-ல் இல்லை. அதனால்தான் அந்த மூன்று வருஷத்துக்குக் கிடைக்கும் சுமார் 90 கிரெடிட்டைக் கொண்டுபோய், மீதியை முடித்து, இங்கேயே ஒரு டிகிரி வாங்கிவிடுகிறார்கள் சிலர். ஆனால் கிரீன் கார்டுக்காகக் கம்பெனி முதலில் போடும் பெர்ம் விண்ணப்பத்தைத் தாக்கல் செய்யும் நாளிலேயே டிகிரி கையில் இருக்க வேண்டும். பிறகு வாங்கினால் அந்த மனுவுக்கு உதவாது. வக்கீலிடம் கேட்காமல் இதற்காக ஒரு டாலர்கூடச் செலவு செய்யாதீர்கள். நான் பி.காம் பாதியில் விட்டவள், வக்கீல் அல்ல.

பிறகு மாஸ்டர்ஸ் சேர முடியுமா?

முடியும், ஒரு குறை உண்டு. வெளிக் கிரெடிட்டுக்கு மார்க் ஏறாது, 'பாஸ்' என்றுதான் இருக்கும். உங்கள் ஜிபிஏ எனும் மார்க் சராசரி கல்லூரியிலேயே படித்த பத்துப் பாடத்தை வைத்துத்தான் வரும். அந்தப் பத்தில் அலட்சியம் கூடாது. மருத்துவக் கல்லூரி கனவு இருந்தால் இந்தப் பக்கமே வராதீர்கள், அவர்கள் லேபோடு சேர்த்து மார்க் பார்ப்பார்கள். இன்ஜினியரிங்கும் நர்ஸிங்கும் தொடக்கத்திலிருந்து இந்த வழியில் ஆகாது. பிசினஸ், ஐடி, லிபரல் ஸ்டடீஸ் ஆகியவற்றுக்குப் பொருந்தும்.

டிகிரி தாளில் 'ஆன்லைன்' என்று போடுவார்களா?

மாட்டார்கள்.

ஊருக்குத் திரும்பினால் செல்லுமா?

தனியார் கம்பெனிகள் பெரும்பாலும் கேட்காது. அரசு வேலையோ, அங்கே மேற்படிப்போ மனதில் இருந்தால் இந்த வழி வேண்டாம். வெளிநாட்டு டிகிரிக்குச் சமநிலைச் சான்று வாங்க வேண்டும், ஆன்லைனில் படித்ததற்கு அதை வாங்குவது பெரும்பாடு. அங்கேயும் இந்தக் காற்று வீசத் தொடங்கிவிட்டது என்பது வேறு விஷயம். 2021-லிருந்து யுஜிசி, கிரெடிட்டைச் சேர்த்து வைக்க ஒரு வங்கி தொடங்கியிருக்கிறது, ஒரு பருவத்தின் பாடங்களில் 40 சதவீதம் வரை ஸ்வயம் என்ற அரசின் ஆன்லைன் பாடத் தளத்தில் படிக்கலாம் என்றும் விதி வந்தது.

நூறு டாலர் கொடுத்தால் தேர்வை எழுதித்தர ஆள் இருக்காமே?

இருக்கிறார்கள். வாட்ஸ்அப்பில் தானாகவே வந்து பேசுவார்கள். பிடிபட்டால் டிகிரி கொடுத்த பிறகும் கல்லூரி அதை ரத்து செய்யலாம். பிடிபடாவிட்டால் அந்த ஆள் கையில் உங்கள் பெயரும் கல்லூரி ஐடியும் பாஸ்வேர்டும் இருக்கும், அடுத்த வருஷம் மிரட்டிப் பணம் கேட்பான். இந்தக் கேள்வியைக் கேட்டவர் யார் என்று எனக்குத் தெரியும், அவருக்கு நேரிலும் சொல்லியாகிவிட்டது.

எவ்வளவு நாள் ஆகும்?

'மூன்று மாதத்தில் முடித்தேன்' என்பவர்கள் இருக்கிறார்கள். அவர்களில் பலர் ஏற்கெனவே அறுபது, எழுபது கிரெடிட்டோடு வந்தவர்கள், அதைச் சொல்ல மாட்டார்கள். வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருந்து, ஒன்றுமில்லாமல் தொடங்கினால் ஒன்றரை, இரண்டு வருஷம் என்று வையுங்கள்.

சரி, நாளைக்கே என்ன செய்யட்டும்?

ஊரில் ஒரு வருஷமாவது கல்லூரி போயிருந்தால், அரியர் இருந்தாலும் பரவாயில்லை, முதலில் அந்தப் பல்கலைக்கழகத்துக்கு மார்க் ஷீட்டுக்கும் டிரான்ஸ்கிரிப்டுக்கும் விண்ணப்பியுங்கள். மற்றதெல்லாம் நம் வேகத்தில் நடக்கும், இது மட்டும் அவர்கள் வேகத்தில். சீல் வைத்த உறையில் நேரே மதிப்பீட்டு நிறுவனத்துக்கு வர வேண்டும் என்பார்கள். எனக்கு நான்கு மாதம் ஆனது. என் தம்பி இரண்டு முறை லீவு போட்டுவிட்டு யூனிவர்சிட்டி கவுன்டரில் நின்றான். முதல் முறை சலான் நகல் இல்லை என்று திருப்பி அனுப்பினார்கள். இரண்டாம் முறை, பணம் கட்டியது முதல் எல்லாம் சரியாக இருந்தது, கையெழுத்துப் போட வேண்டியவர் அன்றைக்கு லீவு.